அனுப்பும் முன் நீங்களே விழுத்திப் பாருங்கள்: போத்தலும் சட்டியும் உடையாமல் போய்ச் சேரப் பொதியைச் சோதிக்கும் முறை

திருகோணமலையிலிருந்து தேன், நல்லெண்ணெய், ஊறுகாய், மண்சட்டி என்று கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அனுப்பத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "பபிள் ராப் எத்தனை சுற்றுச் சுற்ற வேணும்?" என்பதைத்தான். இதற்கு எல்லாருக்கும் பொதுவான விடை கிடையாது. போத்தலின் கண்ணாடி எவ்வளவு தடிப்பு, உள்ளே இருப்பது எவ்வளவு பாரம், பெட்டி புதியதா பழையதா, எங்கே வெற்றிடம் இருக்கிறது என்பவை எல்லாம் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. ஆனால் உங்கள் பொருளுக்கான விடையை நீங்களே கண்டுபிடிக்கலாம். அனுப்பப்போகும் அதே பெட்டியை, அனுப்பப்போகும் அதே விதமாகக் கட்டி, சீமெந்து நிலத்தில் பத்துத் தடவை விழுத்தித் திறந்து பார்க்க வேண்டும். அரை நாள் வேலை. மூன்று பெட்டிச் சரக்கு வீணாகலாம். அந்த நட்டம், உடைந்த போத்தலின் படத்தோடு வாடிக்கையாளர் அனுப்பும் முறைப்பாட்டை விடச் சிறியது.

கீழே சொல்வது 20 கிலோவுக்கு உட்பட்ட, ஒருவர் தூக்கக்கூடிய காட்போட் பெட்டிகளுக்கானது. கண்ணாடிப் போத்தலையும் மட்பாண்டத்தையும் மனதில் வைத்து எழுதியது.

எந்த உயரத்திலிருந்து விழுத்துவது

பொதிச் சோதனைக்கென்று உலகில் பல விதிமுறைகள் உண்டு. புதியவருக்கு மிக எளிது "இஸ்டா 1ஏ". இஸ்டா என்பது அமெரிக்காவைத் தளமாகக் கொண்டு இயங்கும், பாதுகாப்பான சரக்குப் போக்குவரத்துக்கான சர்வதேசச் சங்கம். அதன் 1ஏ முறையில் உயரம் பெட்டியின் மொத்தப் பாரத்தைப் பொறுத்து மாறும். 10 கிலோவுக்குக் குறைந்தால் 76 செ.மீ., 10 முதல் 19 கிலோ வரை 61 செ.மீ., 19 முதல் 28 வரை 46 செ.மீ., 28 முதல் 45 வரை 31 செ.மீ. அதற்கும் மேல் 68 கிலோ வரை 20 செ.மீ. மட்டுமே.

பாரம் கூடக் கூட உயரம் குறைவதற்குக் காரணம் மனிதரின் கை. சிறிய பெட்டியை நெஞ்சு மட்டத்தில் தூக்குவார்கள், எறிந்தும் பிடிப்பார்கள். பாரமானதை இடுப்புக்குக் கீழேதான் கொண்டு போக முடியும். கைப்பிடி உள்ள பொதி இன்னும் தாழப் போகும். கிண்ணியாத் தயிர்ச்சட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தூக்கிப் போகிறவரைக் கவனியுங்கள். சட்டி அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டு போகும். கை நழுவினாலும் ஓர் அடிதான் விழும். பெட்டியின் இரு பக்கமும் கை நுழையும் ஓட்டை வெட்டுவதோ நாடாவால் கைப்பிடி போடுவதோ அலங்காரமில்லை, விழும் உயரத்தைக் குறைக்கும் வேலை அது. "உடையும் பொருள்" என்று சிவப்பில் ஒட்டும் தாளை நம்புவதை விடக் கைப்பிடியை நம்பலாம்.

உங்கள் பெட்டி எல்லைக்கோட்டில் நின்றால் கூடிய உயரத்தையே எடுங்கள். 750 மி.லீ. தேன் போத்தல் ஒன்றைக் கணக்குப் பார்ப்போம். தேன் தண்ணீரைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு பாரம். ஆகவே தேன் மட்டும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். கண்ணாடி 450 கிராம் என்றால் ஒரு போத்தல் 1.5 கிலோ. ஆறு போத்தல் 9 கிலோ. பெட்டியும் மெத்தையும் சேர ஏறத்தாழ 10. தூக்குகிறவர் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத் தூக்குவதில்லை. எனவே 76 செ.மீ.

நிலத்தில் மோதும்போது நடப்பது

இதை விளங்கிக்கொண்டால் மெத்தை போடுவதில் பாதித் தவறுகள் தாமாகவே நின்றுவிடும்.

76 செ.மீ. விழும் பெட்டி நிலத்தைத் தொடும்போது நொடிக்கு 3.9 மீற்றர், அதாவது மணிக்கு 14 கி.மீ. வேகத்தில் இருக்கும். பெட்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். உள்ளே இருக்கும் போத்தல் நிற்காது. மெத்தையை அமுக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கீழே போய்த்தான் நிற்கும். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விழுந்த உயரத்தை, நிற்க எடுத்த தூரத்தால் வகுத்துப் பாருங்கள். போத்தல் 1 செ.மீ. அமுங்கி நின்றால் 76 ÷ 1, அதன் சொந்தப் பாரத்தைப் போல 76 மடங்கு விசை. 1.5 கிலோ போத்தலின் அடியில் அந்தக் கணத்துக்கு 114 கிலோ மூட்டை ஏறி உட்கார்ந்தது போல. 4 செ.மீ. அமுங்கி நின்றால் 19 மடங்கு, வெறும் 28 கிலோ. இவை சராசரிக் கணக்கு. உச்ச விசை இதைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை இந்த வகுத்தல் காட்டிவிடுகிறது.

இதிலிருந்து இரண்டு விடயம் வருகிறது. 5 செ.மீ. தடிப்பான மெத்தை 5 செ.மீ. அமுங்காது. பாதி தாண்டியதும் இறுகி மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். ஆகவே 2 செ.மீ. மெத்தை போட்டு 2 செ.மீ. கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. மற்றது, முற்றத்து மணலில் விழுத்திப் பார்த்துவிட்டு "தப்பிவிட்டது" என்று சொல்லக் கூடாது. மணலே 2 செ.மீ. குழிந்து கொடுத்துவிடும். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் வீட்டைச் சுற்றி மணல்தான். சோதனைக்கு விறாந்தைச் சீமெந்தோ கடையின் தரையோ வேண்டும். பாய், ரெக்சின் விரிப்பு எதுவும் இருக்கக் கூடாது. மாபிள் தரையில் செய்யாதீர்கள், தரை வெடிக்கும். சிதறுவதைப் பிடிக்க ஒரு மெல்லிய பொலித்தீன் தாள் விரிக்கலாம், அது அடியைக் குறைக்காது.

தயார்ப்படுத்தல்

அளவுநாடா, தராசு, கத்தரிக்கோல், சணல் கயிறு, நிறமடிக்கும் மார்க்கர் பேனை, ஒரு கொப்பி, படமெடுக்கப் போன். பில் புத்தகத்துக்கு வைக்கும் காபன் தாள் நாலைந்து. கால் முழுவதையும் மூடும் சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிடுங்கள். கண்ணாடி எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

சுவரில் 76, 61, 46 செ.மீ. மட்டங்களில் டேப் ஒட்டிக் குறியுங்கள். உயரம் அளப்பது பெட்டியின் மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்து நிலம் வரை. மூலை கீழே பார்க்கத் தொங்கும் பெட்டிக்கு அந்த மூலையிலிருந்து அளக்க வேண்டும். பெட்டியின் நடுவிலிருந்து அளந்து ஏமாறுகிறவர்கள் பலர்.

மூன்று பெட்டிகளைக் கட்டுங்கள். மூன்றும் ஒரே மாதிரி, அன்றாடம் கட்டுகிறவர் கையால், அன்றாடம் கட்டும் வேகத்தில். சோதனை என்று தெரிந்து கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றினால் சோதித்தது வேறொரு பொதியை.

உள்ளே உண்மையான தேனே இருப்பது நல்லது. கட்டுப்படியாகாவிட்டால் இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று நிறுத்துக் காய்ச்சிய பாணி பாரத்தில் கிட்ட வரும். எண்ணெய்க்குத் தண்ணீரே போதும், பார வித்தியாசம் சிறிது. எதை ஊற்றினாலும் சில துளி சிவப்புக் கேக் நிறம் கலந்து, போத்தலின் கழுத்தில் வெள்ளைக் கடதாசி ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். மூடி கசிந்தால் கடதாசியில் தெரிந்துவிடும். உடைவதை விடக் கசிவுதான் அதிகம் நடக்கும், நிறமில்லாத தண்ணீர் கசிந்து காய்ந்துபோனால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

எங்கே இடித்தது என்று பார்க்க, போத்தலுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் காபன் தாளையும் வெள்ளைத் தாளையும் சேர்த்து ஓரிடத்தில் வையுங்கள். மெத்தையைத் தாண்டி வந்து போத்தல் சுவரைத் தொட்டிருந்தால் தாளில் நீலக் கறை விழுந்திருக்கும். போத்தல் உடையாமல் தப்பியிருந்தாலும் அந்தக் கறை சொல்லும், அடுத்த தடவை தப்பாது என்று.

தொடக்கப் பொதி ஒன்று

சோதிக்க ஏதாவது ஓர் அமைப்பு வேண்டுமல்லவா. 8 செ.மீ. விட்டமும் 29 செ.மீ. உயரமும் உள்ள ஆறு போத்தலுக்கு இப்படித் தொடங்கலாம். ஐந்து அடுக்கு, அதாவது 5 ப்ளை காட்போட் பெட்டி, உள்ளளவு நீளம் 40, அகலம் 30, உயரம் 39 செ.மீ. ஒவ்வொரு போத்தலையும் சிறு குமிழ் பபிள் ராப்பில், குமிழ் போத்தலைப் பார்க்க, 1 செ.மீ. தடிப்பு வரும்வரை சுற்றுங்கள். 10 செ.மீ. சதுர அறைகளாகக் காட்போட் தடுப்பு, மூன்றுக்கு இரண்டு. தடுப்பைச் சுற்றி நாலு பக்கமும், அடியிலும், மேலேயும் கசக்கிய கடதாசியால் 5 செ.மீ. மெத்தை.

தடுப்பின் உயரத்தைக் குறைக்காதீர்கள். காட்போட் மிச்சம் பிடிக்கப் போத்தலின் பாதி உயரத்துக்குத் தடுப்பு வெட்டுவது வழக்கமான தவறு. பெட்டி பக்கவாட்டில் விழும்போது போத்தல்கள் தடுப்புக்கு மேலே தலைசாய்ந்து, தோளோடு தோள் மோதும். கண்ணாடியோடு கண்ணாடி மோதுவது போலக் கெட்ட அடி வேறில்லை. தடுப்பு போத்தலின் மூடி வரை வர வேண்டும்.

டேப் 48 மி.மீ. அகலம். நடுப் பிளவு வழியாக ஒன்று, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று, எச் எழுத்து வடிவில், அடிக்கும் மேலுக்கும். நடு டேப் இரு பக்கமும் 6 செ.மீ. ஆவது மடிந்து இறங்க வேண்டும். தூசி படிந்த பழைய பெட்டியில் டேப் ஒட்டியது போலத் தோன்றும், மூலையில் விழுந்ததும் உரிந்து வந்துவிடும். துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

முதலில் குலுக்கு, பிறகு விழுத்து

கட்டிய பெட்டி உடனே விழுவதில்லை. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று இரவு முழுக்க லொறியில் குலுங்கிவிட்டுத்தான் கொழும்பில் இறக்குகிறவர் கையிலிருந்து விழுகிறது. குலுங்கும்போது நிரப்பிய கடதாசி படியும், மேலே வெற்றிடம் உண்டாகும். இஸ்டா முறையிலும் அதிர்வு முதலில், விழுத்துவது பிறகு. உங்களிடம் அதிர்வு மேசை இல்லை. கட்டிய பெட்டியை வண்டியோடு பிணைக்காமல், அடியில் எதுவும் விரிக்காமல், ஓட்டோவின் பின்னாலோ சிறு லொறியின் தட்டிலோ வைத்து ஒரு நாள் வேலைக்கு அனுப்பிவிடுங்கள். திரும்பி வந்ததும் காதோடு வைத்து மெல்ல ஆட்டுங்கள். உள்ளே ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் விழுத்தத் தேவையில்லை. அது ஏற்கெனவே தோற்றுவிட்டது. திறந்து நிரப்பலைத் திருத்துங்கள்.

உமி போட்டவர்களுக்கு இங்கேதான் பாடம் கிடைக்கும். உமி மலிவு, தம்பலகாமத்து அரிசி ஆலைப் பக்கம் வேண்டிய மட்டும் கிடைக்கும். ஆனால் அது தண்ணீர் போல ஓடும். குலுங்கக் குலுங்கப் பாரமான போத்தல் உமிக்குள் புதைந்து அடியைத் தொட்டுவிடும், உமி மேலே ஏறிவிடும். பார்வைக்குப் பெட்டி நிறைந்தே இருக்கும். உமிதான் வேண்டுமென்றால் சிறு பொலித்தீன் பைகளில் அடைத்து முடிந்து, பையாக வையுங்கள். வெளிநாட்டுப் பொதிக்கு உமியும் வைக்கோலும் வேண்டாம். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வைக்கோலைக் கண்டாலே தடுத்துவிடுவார்கள்.

பத்து விழுத்தல்

பெட்டிக்கு எண் போடுங்கள். காட்போட் பெட்டியில் ஒரு நிமிர்ந்த விளிம்பில் மட்டும் பசையாலோ கம்பியாலோ பொருத்திய ஒட்டு இருக்கும். பெட்டியின் ஒடுங்கிய பக்கம் உங்களைப் பார்க்கவும், அந்த ஒட்டு உங்கள் வலது கைப் பக்கம் வரவும் நிறுத்துங்கள். மேற்பக்கம் 1, வலது 2, அடி 3, இடது 4, உங்களைப் பார்ப்பது 5, பின்பக்கம் 6. ஒட்டின் கீழ்முனைதான் 2, 3, 5 மூன்றும் சந்திக்கும் மூலை. பெட்டியின் பலவீனமான மூலை அது, அதனால்தான் முதல் அடி அங்கே.

1. 2-3-5 மூலை.
2. அந்த மூலையிலிருந்து புறப்படும் மிகக் குட்டையான விளிம்பு.
3. நடுத்தர விளிம்பு.
4. மிக நீளமான விளிம்பு.
5. மிகச் சிறிய பக்கங்களில் ஒன்று, தட்டையாக.
6. அதற்கு எதிர்ப்பக்கம்.
7. நடுத்தரப் பக்கங்களில் ஒன்று.
8. அதற்கு எதிர்ப்பக்கம்.
9. மிகப் பெரிய பக்கங்களில் ஒன்று.
10. அதற்கு எதிர்ப்பக்கம்.

அளந்து பார்த்தே வரிசை போடுங்கள். மேலே சொன்ன 40 × 30 × 39 பெட்டியில் குட்டையான விளிம்பு 3-5, நடுத்தரம் ஒட்டு விளிம்பான 2-5, நீளமானது 2-3. அதில் மிகப் பெரியது அடிப்பக்கம் இல்லை, 2-ஆம் 4-ஆம் பக்கங்கள்தான்.

தட்டையாக விழுத்துவது பார்வைக்கு எளிது, கைக்குக் கடினம். இரு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்கி, இரு கையையும் ஒரே நேரத்தில் கீழ்நோக்கியும் வெளிப்பக்கமாகவும் சட்டென்று இழுக்க வேண்டும். ஒரு கை பிந்தினால் பெட்டி சாய்ந்து விளிம்பில் விழும், அடி பாதியாகும். சரிவு 2 பாகையைத் தாண்டக் கூடாது. 30 செ.மீ. பெட்டியில் ஒரு பக்கம் மற்றதை விட 1 செ.மீ. தாழ்ந்தாலே 2 பாகை ஆகிவிடும். போனை நில மட்டத்தில் வைத்து மெதுவோட்ட வீடியோ எடுங்கள். முதலில் எந்த ஓரம் தொட்டது என்று தெரியும். சாய்ந்து விழுந்ததைக் கொப்பியில் "சாய்வு" என்று எழுதி, அந்த அடியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் அது ஏற்கெனவே ஓர் அடி வாங்கிய பெட்டி என்பதையும் மறக்க வேண்டாம்.

மூலைக்கும் விளிம்புக்கும் கையை விடக் கயிறு நல்லது. பெட்டிக்குக் குறுக்கும் நெடுக்கும் சணல் கட்டி, 2-3-5 மூலைக்கு நேர் எதிரே உள்ள மூலையில் (1-4-6) முடிச்சு வரச் செய்து, விறாந்தை வளையில் தொங்கவிடுங்கள். பெட்டி தானாகவே மூலை கீழே பார்க்க நிற்கும். ஆட்டம் நிற்கும்வரை பொறுங்கள். உயரத்தை அளந்து, முடிச்சுக்கு மேலே கத்தரிக்கோலால் வெட்டுங்கள். கை நடுக்கம், தள்ளல் எதுவுமில்லாத சுத்தமான விழுகை இது. விளிம்புக்கு, எதிர் விளிம்பின் இரு முனையிலும் கயிறு கட்டி மேலே ஒன்றாக முடியுங்கள்.

மூலையில் விழும்போது பெட்டிக்குத்தான் சேதம் அதிகம். மூலை நசுங்கி, அந்த நசுக்கமே மெத்தையாகிப் போத்தலைக் காப்பாற்றும். தட்டையாக விழும்போது பெட்டியில் ஒரு கீறலும் தெரியாது, முழு அடியும் போத்தலுக்குப் போகும். வெளியில் நல்லாக இருந்த பெட்டிக்குள் உடைந்த போத்தல் இருந்தது என்று வாடிக்கையாளர் சொன்னால் பொய் என்று நினைக்க வேண்டாம்.

நடுவில் திறந்து பார்க்கவும் வேண்டாம். திறந்து மூடினால் மெத்தை புதிதாக நிரவிவிடும். ஈரம் கசிந்தாலோ கண்ணாடிச் சத்தம் கேட்டாலோ மட்டும் நிறுத்துங்கள். எத்தனையாவது அடி என்று எழுதுங்கள்.

திறந்து பார்ப்பது

மேல் டேப்பை வெட்டி, எதையும் எடுக்காமல் முதலில் ஒரு படம். மேலே எவ்வளவு வெற்றிடம் என்று அளவுநாடாவை விட்டுப் பாருங்கள். 2 செ.மீ. வெற்றிடம் இருந்தாலே அடுத்த பெட்டியில் நிரப்பலைக் கூட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு போத்தலாக, எந்த அறையிலிருந்து வந்தது என்று எழுதி எடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சுழற்றினால் மயிரிழை வெடிப்புத் தெரியும். அடிப்பக்கத்து வளைவையும் கழுத்து திரும்பும் இடத்தையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். கழுத்துக் கடதாசியில் சிவப்பு இருக்கிறதா? மூடி கையால் இலேசாகத் திரும்புகிறதா?

சேதம் இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லும். போத்தலின் அடி உடைந்திருந்தால் அடி மெத்தை தட்டிவிட்டது, அதாவது முழுக்க அமுங்கிப் போத்தல் தரையைத் தொட்டுவிட்டது. தடிப்பைக் கூட்டுங்கள், அல்லது கசக்கிய கடதாசிக்குப் பதில் தும்போ ரெஜிபோம் தட்டோ வையுங்கள். தோளில் பிளவு என்றால் போத்தலும் போத்தலும் மோதியது, தடுப்பு குட்டை அல்லது அறை பெரிது. கழுத்து முறிந்தால் மேற்பக்கம் கீழாக விழுந்தபோது மூடி நேரே பெட்டியில் இடித்தது, மேல் மெத்தையில் குறை. கண்ணாடி முழுதாக இருக்கக் கசிந்திருந்தால் மெத்தையைத் தொடாதீர்கள். அது மூடியின் குற்றம். உள் வாசர் இல்லாத மூடி, அல்லது போத்தலின் மரைக்குப் பொருந்தாத மூடி.

பத்தில் கடைசி இரண்டு அடியில் மட்டும் உடைந்ததா? மெத்தை களைத்துவிட்டது. பத்திரிகைத் தாளின் குணம் அது. முதல் அடிக்கு நன்றாகக் கொடுக்கும், நசுங்கியது நசுங்கியதுதான், திரும்ப எழும்பாது. தும்பு எழும்பும். ஆனால் தும்பை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து உதறியே பயன்படுத்துங்கள். ஈரத்தும்பு பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும், தூசி லேபிளில் ஒட்டும்.

மட்சட்டிகளின் உடைவு வேறு விதம். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய சட்டிகள் அடியில் விழும்போது உள்சட்டி ஆப்பு மாதிரி இறங்கி வெளிச்சட்டியை இரண்டாகப் பிளக்கும். சட்டிகளுக்கு நடுவே 2 செ.மீ. தடிப்பில் கடதாசி வளையம் வைத்து, உள்சட்டி வெளிச்சட்டியின் சுவரைத் தொடாமல் செய்யுங்கள். தனிச் சட்டியின் உட்குழியையும் இறுக்கமாக நிரப்புங்கள். விளிம்பு சில்லெடுப்பது பெரும்பாலும் உள்ளே வெறுமையாக விட்ட சட்டியில்தான். விலை கூடிய பாண்டத்துக்குப் பெட்டிக்குள் பெட்டி, நடுவில் 5 செ.மீ. எல்லாப் பக்கமும்.

திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தடுப்பையும் மெத்தையையும் டேப்பையும் ஒருமிக்க மாற்றிவிட்டு உடையாமல் வந்தால், எது காப்பாற்றியது என்று தெரியாது. மூன்றுக்கும் செலவழித்துக்கொண்டே இருப்பீர்கள்.

மூன்று பெட்டி தப்பினால் போதுமா

போதாது, ஆனால் தொடக்கத்துக்கு ஆகும். நான்கில் ஒன்று உடையும் மோசமான பொதிகூட, மூன்று பெட்டிச் சோதனையில் நூற்றுக்கு 42 தடவை முழுதாகத் தப்பிவிடும். பத்துப் பெட்டி சோதித்தால் அப்படித் தப்புவது நூற்றுக்கு 6 தடவைக்குள் வந்துவிடும். ஆகவே வடிவமைக்கும்போது மூன்று மூன்றாகச் சோதியுங்கள், இறுதி வடிவத்தைப் பத்துப் பெட்டியில் உறுதிப்படுத்துங்கள்.

தப்பிய பொதியை உடையும்வரை உயர்த்திப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் கருத்தில் இதுதான் மிகப் பயனுள்ள படி, பெரும்பாலானோர் செய்யாத படியும் இதுதான். ஒரு பெட்டியை 76-இல் தட்டையாக விழுத்தி, பிறகு 91, 106, 121 என்று 15 செ.மீ. கூட்டிக்கொண்டே போங்கள். 91-இல் உடைந்தால் நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள், கண்ணாடி கொஞ்சம் மெலிந்தாலே போய்விடும். 150-ஐயும் தாண்டினால் மெத்தைக்குத் தேவைக்கு மேல் செலவழிக்கிறீர்கள், பெட்டியைச் சிறிதாக்கிக் கூரியர் கட்டணத்தை மிச்சப்படுத்த இடமிருக்கிறது.

வாடைக் காலத்துப் பெட்டி வேறு

ஆடி மாதக் கச்சானில் விறைப்பாக நின்ற காட்போட், கார்த்திகை மழையில் துவண்டுபோகும். கடதாசி காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 50 வீதத்திலிருந்து 90 வீதமாக ஏறினால் பெட்டியின் நெருக்குத் தாங்கும் வலிமை ஏறக்குறையப் பாதியாகிவிடும். துவண்ட பெட்டி மூலையில் விழுந்தால் டேப்போடு பிரிந்து வரும், அடுக்கில் கீழே இருந்தால் குந்திவிடும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை அனுப்புகிறவர்கள் ஒரு சோதனையை ஈரப்பெட்டியில் செய்யுங்கள். கட்டிய பெட்டியை ஒரு ஸ்டூலில் வைத்து, தொடாதபடி சுற்றிலும் நனைத்த சாக்குத் தொங்கவிட்டு, மேலே பொலித்தீன் போர்த்தி ஓர் இரவு விட்டு, காலையில் எடுத்த கையோடு விழுத்துங்கள். 3 ப்ளை பெட்டியோடு இந்தச் சோதனையில் தேறுவது கடினம். 5 ப்ளைக்கு மாறவும், வெறும் பெட்டிகளைச் சீமெந்து நிலத்தில் அடுக்காமல் பலகை மேல் அடுக்கவும் இதுவே காரணம்.

எப்போது மீண்டும் சோதிப்பது

போத்தல் வாங்கும் கடை மாறினால், பெட்டிக்காரர் மாறினால், போத்தல் எண்ணிக்கை மாறினால், கட்டுகிறவர் மாறினால் மூன்று பெட்டி மறுபடி. போத்தல் ஒரே அளவாகத் தெரிந்தாலும் தராசில் வையுங்கள். 450 கிராம் இருந்தது 390 ஆகியிருந்தால் கண்ணாடி மெலிந்திருக்கிறது. வெளிநாட்டு வாங்குநர் சோதனைச் சான்றிதழ் கேட்டால் விறாந்தைச் சோதனை செல்லாது, ஆய்வுகூடம்தான் வேண்டும். ஆனால் விறாந்தையில் தேறிய பெட்டியை அங்கே கொண்டுபோனால் ஒரு தடவைக் கட்டணத்தோடு முடிய வாய்ப்பு அதிகம்.

கொப்பியில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு வரி போதும்: திகதி, பெட்டி எண், பாரம், உயரம், எந்தப் பக்கம், நேரா சாய்வா, கேட்டது, கண்டது. தேறிய பொதியை அடுக்கடுக்காகப் படமெடுத்து, அடி மெத்தை, தடுப்பு, போத்தல், மேல் மெத்தை, டேப் என்று ஐந்து படத்தையும் கட்டும் மேசைக்கு நேரே சுவரில் ஒட்டிவிடுங்கள். நாளைக்குக் கட்டப்போகும் பிள்ளை அதைப் பார்த்துத்தான் கட்டும்.